சிறிய அதிர்வு வரலாம்

தெய்வானைக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதுதான்.

உரிமம் இருந்தது. இருபத்திரண்டு வயதில் அப்பாவின் பிடிவாதத்துக்காக எட்டுப் போட்டு வாங்கியது. அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடங்களாக, நடுவில் ஒரு தடவை புதுப்பிக்க எடுத்ததைத் தவிர, அது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. அதன் மேல் ஓர் அபராதம் இல்லை, ஒரு புகார் இல்லை. வண்டியையே தொடாதவளுக்கு எங்கிருந்து வரும்?

"இவ்வளவு சுத்தமான லைசென்ஸை நான் பாத்ததே இல்லீங்க," என்றார் கிரைண்டர் தொழிற்சாலையின் மேனேஜர். சொல்லிவிட்டு அதை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

தானாக ஓடும் கார்கள் வந்த புதிதில் அரசாங்கத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. விபத்து நடந்தால் யாரைப் பிடிப்பது? கார் கம்பெனியைப் பிடிக்கலாம் என்று ஓர் அதிகாரி சொன்னார். அவரை மீன்வளத் துறைக்கு மாற்றினார்கள். காரையே பிடித்து உள்ளே போடலாமென்றால் எந்தச் சிறையிலும் அதற்கு இடமில்லை. கடைசியில் ஒரு சட்டம் வந்தது. தானாக ஓடும் ஒவ்வொரு காரிலும் உரிமம் வைத்திருக்கும் ஒரு மனிதர் முன் இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன நடந்தாலும் அவர்தான் பொறுப்பு. நாளடைவில் அந்த மனிதருக்கே பொறுப்பு என்று பெயராகிவிட்டது. 'எங்க வீட்டுப் பொறுப்பு இன்னிக்கு லீவு' என்று பணக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

பொறுப்புக்கு முன்னால் ஒரு ஸ்டீயரிங் இருக்கும். சட்டப்படி அது வேலை செய்ய வேண்டும். வேலைக்குச் சேரும்போது கையெழுத்திடும் ஒப்பந்தப்படி அதைத் தொடக் கூடாது. தொட்டால் அதற்குப் பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் கம்பெனி உதவியில்லாமல் தொட்டவரே தனியாக வழக்கைச் சந்திக்க வேண்டும். கோர்ட்டுக்கு எதிரே ஒரு நோட்டரி வக்கீலிடம் பதினைந்து வருடம் டைப் அடித்தவள் தெய்வானை. அந்த ஒப்பந்தத்தைப் படித்ததும், அதை எழுதியவன் கெட்டிக்காரன் என்று அவளுக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட்டாள்.

முதலாளி வரதராஜுலுவுக்கு அவள் பெயர் மிகவும் பிடித்துவிட்டது. "ஐராவதத்துக்குத் தெய்வானை. பொருத்தம் பாத்தாப்பல இருக்குதுங்க அம்மிணி," என்று முதல் நாளே சிரித்தார். அறுபது வயது. கோயம்புத்தூரில் பாதி வீடுகளில் மாவாட்டுவது அவர் கிரைண்டர்தான். கோபம் வராத மனிதர். தொழிலாளி வீட்டு விசேஷம் ஒன்றையும் விட மாட்டார். அவருக்கிருந்த ஒரே பலவீனம் அந்தக் கார்.

ஐராவதம் என்பது அதன் கம்பெனிப் பெயர். ஊர்க்காரர்களுக்கு அது யானை. ஐந்தரை மீட்டர் நீளம், மூன்று டன் எடை, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார், மொத்தம் தொள்ளாயிரம் குதிரை. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட மூன்று விநாடிகூட ஆகாது. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டே ஊமையாகிவிடும். பின்சீட்டு முதுகைப் பிடித்துவிடும், காலை நீவிவிடும், ஆள் களைப்பாக இருப்பது தெரிந்தால் சந்தன வாசனையைக் கசியவிட்டு விளக்கைக் குறைக்கும். குண்டும் குழியுமான சாலையில் போனாலும் கையிலிருக்கும் காபி அலையாது.

இதெல்லாம் கம்பெனிக்காரன் சொன்னது. அவன் சொல்லாததைத் தெய்வானை ஒரே மாதத்தில் தெரிந்துகொண்டாள். ராஜ வீதியில் திரும்பினால் யானைக்கு வால் ஒரு பக்கம் மாட்டிக்கொள்ளும், தும்பிக்கை ஒரு பக்கம் மாட்டிக்கொள்ளும். தொழிற்சாலை வாசலிலிருந்த வேகத்தடையில் வயிறு உரசி, முதலாளி தன் சொந்த வாசலையே இடித்துக் கட்ட வேண்டியிருந்தது. கல்யாண மண்டபங்களில் நிறுத்த இடம் கிடைக்காமல் அது மட்டும் தனியாக ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும். அவளும் உள்ளே இருந்தாக வேண்டும் என்பதால், அத்தனை முகூர்த்தத்துக்குப் போயும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது இரண்டே தடவைதான்.

அப்புறம் அதன் பேச்சு. ஐராவதத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யாரோ தெரியாது. "இருக்கையின் வெம்மை தங்களுக்கு உகந்ததாக உள்ளதா?" என்று கேட்கும்.

"உகந்துதான் இருக்கு, நீ ரோட்டைப் பாரு," என்பாள் தெய்வானை.

வீட்டில் அவள் கணவன் செங்கோடன் இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேக்கரியில் போய்ச் சொல்லுவான். அங்கே பப்ஸ் போடுவது அவன் வேலை. "எம் பொண்டாட்டி தொள்ளாயிரம் குதிரைக்கு மேல உக்காந்து போறா. ஆனா சைக்கிள் ஓட்டத் தெரியாது," என்று அவன் சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. கரூரில் ஒரு டீலரின் புதுக்கடைத் திறப்பு. மூன்று மணிக்கு முதலாளி ரிப்பன் வெட்ட வேண்டும். தொழிற்சாலையில் ஒரு பஞ்சாயத்து இழுத்துவிட்டதால் கிளம்பும்போதே மணி இரண்டாகிவிட்டது. சூலூர் தாண்டியதும் வரதராஜுலு பின்னாலிருந்து, "கொஞ்சம் வெரசா போகட்டும்," என்றார்.

"விரைவுப் பயணம் தொடங்குகிறது," என்றது ஐராவதம். தெய்வானையின் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தாள். முதலாளி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். சந்தன வாசனை வந்தது.

காங்கேயத்துக்கு முன்பே தூறல் பிடித்துக்கொண்டது. நூற்று அறுபதில் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தூரத்தில் சாலையோரமாக ஆரஞ்சுக் கூம்புகள் வரிசையாகத் தெரிந்தன. வெள்ளைக்கோடு போடுகிறவர்கள். மழை வந்ததால் வேலையை நிறுத்திவிட்டு இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு கூம்புகளைப் பொறுக்கி அடுக்கியபடி வந்தார். ஒரு கூம்பு காற்றில் உருண்டு நடுச்சாலைக்குப் போயிருந்தது. அதை எடுக்க இறங்கினார்.

ஐராவதம் அவரைப் பார்த்துவிட்டது. பிரேக் பிடித்தது. அது பிடித்த வேகத்தில் தெய்வானையின் பெல்ட் இறுகியது. ஆனால் ஈரச் சாலையில் மூன்று டன். முன்கண்ணாடியில் அந்த மனிதர் பெரிதாகிக்கொண்டே வந்தார்.

அப்போது ஐராவதம் தன் வழக்கமான குரலில் பேசியது.

"சிறிய அதிர்வு வரலாம். பொறுத்தருள்க."

ஒரு விநாடி அவளுக்கு அது எதைச் சொல்கிறதென்றே விளங்கவில்லை. அடுத்த விநாடி விளங்கியது. அவள் கை தானாகப் போய் ஸ்டீயரிங்கைப் பிடித்து, துணி பிழிவதைப்போல வலது பக்கம் முறுக்கியது. கார் ஓட்டத் தெரிந்த யாரும் அப்படித் திருப்ப மாட்டார்கள்.

யானை பிளிறியது என்று பிறகு டிவியில் சொன்னார்கள். உண்மையில் அது நடுத்தடுப்புச் சுவரின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அறுபது மீட்டர் தூரம் தேய்ந்துகொண்டு போன சத்தம். காற்றுப்பைகள் வெடித்தன. சந்தன வாசனையும் கருகல் வாசனையும் கலந்து வந்தன. எல்லாம் நின்றதும் ஐராவதம், "பயணம் தற்காலிகமாகத் தடைபட்டுள்ளது," என்று அறிவித்துவிட்டு அணைந்துபோனது.

தெய்வானைக்கு முழங்காலில் அடி. முதலாளிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அவளே நொண்டிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்து அவரை வெளியே இறக்கினாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக் பை போட்ட மனிதர் நடுச்சாலையில் கூம்பைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அவர் பெயர் குப்புராஜ். மறுநாள் டிவிக்காரர்கள் அவர் முன்னால் மைக்கை நீட்டியபோது தான் கண்டதைச் சொன்னார். "காரு என்னையப் பாத்துச்சுங்க. நான் போயிச் சேந்துட்டேன்னுதான் நெனச்சேன். கடைசி நிமிசத்துல அது திரும்பி, செவுத்துல போயி மோதிக்கிச்சுங்க. எனக்கோசரம்."

அவ்வளவு போதுமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் 'தன்னை அழித்து ஏழையைக் காத்த ஐராவதம்' என்று நாடு முழுக்கப் பேசினார்கள். கம்பெனி மறுக்கவில்லை. மூன்றாம் நாள் நசுங்கிய காரைக் கழுவித் துடைத்து, அவிநாசி சாலை ஷோரூமில் மேடை போட்டு ஏற்றி வைத்தார்கள். ஜனம் செல்பி எடுத்துக்கொண்டது. குப்புராஜை மனைவியோடு அழைத்து வந்தார்கள். அவர் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, காருக்கு மாலை போட்டு, கிழிந்து தொங்கிய முன்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தெய்வானையையும் வரச் சொல்லியிருந்தார்கள். கூட்டத்தோடு நின்றிருந்தவளிடம் குப்புராஜ் திருநீற்றுத் தட்டோடு வந்தார்.

"நீங்க உள்ளார இருந்தீங்களாமா. உங்களுக்கொண்ணும் ஆகலீங்களே?"

"முட்டியில மட்டுந்தாங்க."

"நல்லவேளை," என்றார் அவர். "சாமி மாதிரி வண்டிங்க அது."

"ஆமாங்க," என்று சொல்லித் திருநீறு எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது. கார் பண்ணும் தப்புக்கு ஜெயிலுக்குப் போகத்தான் அவளை வேலைக்கு வைத்திருந்தார்கள். உரிமம் வாங்கிய பிறகு அவள் ஒரே ஒரு தடவை கார் ஓட்டினாள். அதற்கு மாலை காருக்கு விழுந்திருக்கிறது.

அடுத்த வாரம் தொழிற்சாலை அலுவலகத்துக்குக் கார் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பத்ரி என்பவர் சென்னைக்காரர், கம்பெனியின் பெயரைக் காப்பாற்றுவது அவர் வேலை. கூட வந்த ரெஜினா இன்ஜினீயர், காரின் பதிவுகளைப் படித்துப் பார்ப்பவள், முப்பது வயதிருக்கும். அவள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

பத்ரி ஒரு தாளை நீட்டினார். "சின்ன ஃபார்மாலிட்டி மேடம். பயணத்தின்போது நீங்க ஸ்டீயரிங்கைத் தொடலைன்னு ஒரு உறுதிமொழி. சைன் பண்ணிட்டா முடிஞ்சுது."

தெய்வானை படித்தாள். "ரெண்டு எழுத்துப்பிழை இருக்குதுங்க," என்றாள்.

"திருத்திடலாம் மேடம்."

"நான் தொட்டேன். உங்க பொட்டியில பதிவாகியிருக்குமில்ல?"

பத்ரி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க தொட்டீங்கன்னு வெச்சுக்குவோம். அப்போ என்ன ஆகும்? ஒப்பந்தத்தை மீறியிருக்கீங்க. ஓடிட்டிருந்த வண்டியில தலையிட்டு, உள்ள இருந்தவரோட எலும்பை முறிச்சிருக்கீங்க. அதுக்குத் தனி செக்‌ஷன் இருக்கு. உங்களுக்கே தெரியும், கோர்ட்ல டைப் பண்ணவங்க நீங்க. தொடலைன்னா ஒண்ணுமே இல்லை. வண்டி நல்லது பண்ணிச்சு, நீங்க சாட்சி. புது வண்டி வரும், அதுல நீங்களே பொறுப்பு."

"தொடாம இருந்திருந்தா அந்த மனுசன் செத்திருப்பாரு."

"அது யூகம் மேடம்," என்றார் பத்ரி. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் யோசிங்க."

யோசிக்கும்போது கேண்டீனில் டீ குடிப்பது தெய்வானையின் வழக்கம். ரெஜினா அங்கே தேடிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, யூகம் இல்லை. பதிவுல எல்லாமே இருக்கு. அவரை ஆளுன்னு தெரிஞ்சுதான் இருந்தது அதுக்கு."

"தெரிஞ்சு எதுக்கும்மா ஏத்தப் பாத்துச்சு?"

"அதுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. உள்ள இருக்கறவங்க மொதல்ல, வெளிய இருக்கறவங்க அடுத்தாப்புல. சுவத்துல மோதினா உள்ள ஒருத்தருக்கு எலும்பு முறியும். நேரா போனா உள்ள இருக்கறவங்களுக்கு ஒரு குலுக்கல். அது குலுக்கலைத் தேர்ந்தெடுத்துச்சு. சின்ன வண்டியா இருந்தா பிரேக்குலயே நின்னிருக்கும். இவ்வளவு எடை, இவ்வளவு பலம், எல்லாம் உள்ள இருக்கறவங்களுக்குன்னே செஞ்சது. ரோட்டுல இருக்கறவனுக்கு அதுல பங்கு இல்லை."

"இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டேவா வண்டியை விக்கறீங்க?"

"இப்போ ஊரே அந்த வண்டியைக் கேட்டு வரிசையில நிக்குது. அடுத்தவனுக்காக மோதிக்கிற வண்டியாம். அப்படி ஒரு வண்டி கிடையாது அக்கா. எங்ககிட்ட இல்லை."

தெய்வானை டீயை ஆற்றினாள். ரெஜினா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பத்ரி சாருக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். ஒவ்வொரு விபத்தும் ரெண்டு பெட்டியில ஒண்ணுல விழும். மனுசங்க தலையிட்டதுன்னா குப்பை, யாரும் எடுத்துப் பாக்க மாட்டாங்க. வண்டியே எடுத்த முடிவுன்னா அது பாடம். அதை வெச்சு மத்த வண்டிகளுக்குப் பழக்குவோம். பன்னெண்டாயிரம் ஐராவதம் ஓடுது. நீங்க தொடலைன்னு கையெழுத்துப் போட்டா, உங்களோட அந்த மூணு செகண்ட் சட்டப்படி வண்டியோட முடிவு. நான் அதைப் பாடத்துல போட்டே ஆகணும். மாட்டேன்னு யாரும் சொல்ல முடியாது. விளம்பரமே அதானே."

"அப்ப, நான் பொய்ச் சத்தியம் பண்ணுனா எல்லா வண்டியும் நல்லதாயிரும். நெசத்தைச் சொன்னா நான் ஜெயிலுக்குப் போவேன், வண்டிக அப்படியே இருக்கும்."

"கிட்டத்தட்ட."

"நல்ல கம்பெனிம்மா நீங்க," என்றாள் தெய்வானை.

கையெழுத்துப் போட அவளுக்கு மனமில்லை. பதினைந்து வருடத்தில் ஆயிரக்கணக்கான பிரமாணப் பத்திரங்களை அடித்திருக்கிறாள். 'மேற்சொன்னவை யாவும் உண்மை' என்ற கடைசி வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். அவற்றில் பாதி புளுகு என்பதும் தெரியும். ஆனால் எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை. இது அவள் பெயரில். அதோடு, செத்துப்போகும் நாள் வரைக்கும் குப்புராஜ் ஒரு காரைத்தான் கும்பிட்டுக்கொண்டிருப்பார். அவளுக்குக் கும்பிடு வேண்டாம். நீங்கதானா அது என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றிருந்தது. செங்கோடனிடம் சொன்னாள். அவன் பப்ஸ் மாவு ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு எது தோணுதோ செய்யி. ஜெயிலுன்னா நான் பாக்க வாரேன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு சின்ன வாடகைக் கார் வந்து நின்றது. வரதராஜுலு தனியாக இறங்கினார். கழுத்திலிருந்து தொங்கிய கட்டுக்குள் ஒரு கை. செங்கோடன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, டீ போட உள்ளே போனான்.

"தோளு எப்பிடீங்க மொதலாளி?"

"பரவால்லீங்க அம்மிணி. தூங்கறதுதான் செரமம்." கொஞ்ச நேரம் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "அந்தப் பத்ரி போன் பண்ணிட்டே இருக்கான். கையெழுத்துப் போட்டுருங்களேன்."

"புது வண்டி வேணுமுன்னுங்களா?"

யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. கோபித்துக்கொள்ளவில்லை. "அதுக்கில்லீங்க. உங்களுக்கு எதுக்கு வம்பு? கேஸுன்னு போனா நானும் கூண்டுல ஏறோணும். வேண்டாங்க."

"நீங்க ஏறுனா என்னுங்க? உங்களுக்கு ஒண்ணுந் தெரியாது, தூங்கிட்டு இருந்தீங்க. நான் மட்டுந்தான் முழிச்சிருந்தேன். அதிர்வு வரலாமுன்னு அது சொன்னதை நான் ஒருத்திதான் கேட்டேன். அதை யாராவது சொல்ல வேண்டாமுங்களா?"

"சொல்றதுல தப்பில்ல," என்றார் வரதராஜுலு. "ஆனாலும் ஒரு வண்டி அந்த மாதிரி சமயத்துல அவ்வளவு சன்னமா பேசப்படாதுங்க. என்னமோ காபி வேணுமான்னு கேக்கற மாதிரி. கத்தியாவது சொல்லியிருக்கோணும்."

உள்ளே செங்கோடன் டீ ஆற்றும் சத்தம் கேட்டது.

தெய்வானை அவரைப் பார்த்தாள். வண்டி என்ன சொன்னதென்று பத்துப் பேரிடம் அவள் சொல்லியிருந்தாள். எப்படிச் சொன்னதென்று யாரிடமும் சொல்லவில்லை.

வரதராஜுலுவும் தான் சொன்னதைக் கேட்டுவிட்டார். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டார்.

"தூங்கிட்டு இருந்தேன்னு போலீசுல எழுதிக் குடுத்திருக்கேன்," என்றார்.

அவள் நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"கண்ணத் தொறந்தேன். ஆளு தெரிஞ்சாரு. தலையில பையி. அது சொல்லுச்சு. நான் மறுபடியும் கண்ண மூடிக்கிட்டேன்." குரலை ஏற்றாமல், இறக்காமல் சொன்னார். "நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. எம்பேச்சக் கேக்கும் அது."

"நின்னிருக்காதுங்க. இன்ஜினீயரம்மா சொல்லுச்சு. அந்த வேகத்துல நிக்காது."

"நிக்காதுதான். ஆனா சொல்லியிருக்கலாம். மூணு செகண்டுங்க அம்மிணி. நெம்ப நேரம் அது."

செங்கோடன் டீ கொண்டுவந்து வைத்தான். முதலாளி இடது கையால் டம்ளரை எடுத்தார். பாதியில் வைத்துவிட்டார். போகும்போது, "நீங்க என்ன எழுதுனாலும் சரி, கூண்டுல கேட்டா நான் நெசத்தச் சொல்லிருவேன்," என்றார். அவர் சொல்லக்கூடியவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லாமலும் இருந்துவிடக்கூடியவர்.

அன்று மத்தியானம் முழுவதும் அவள் சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் கெட்டவரில்லை. அதுதான் தொந்தரவாக இருந்தது. ஊரில் எத்தனை பேருக்கு ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தவர். அந்த மூன்று விநாடியில் அவருக்குக் கண்ணை மூடத்தான் வந்தது. அவளுக்குக் கை போனது. நாளைக்கே மறுபடியும் நடந்தால் யாருக்கு எது வரும்? அவளுக்கே கை போகுமா என்று தெரியாது. பன்னிரண்டாயிரம் கார்களின் முன்சீட்டிலும் பின்சீட்டிலும் உட்கார்ந்திருப்பவர்களை நம்புவதைவிட, காருக்கே சொல்லிக்கொடுத்துவிடுவது மேல்.

நாலு மணிக்கு ரெஜினாவுக்குப் போன் போட்டாள். "பாடத்துல போடுவேன்னியே, நெசமாத்தானா?"

"நெசமா அக்கா."

"அப்பச் செரி. அந்த எழுத்துப்பிழையைத் திருத்தி எடுத்துட்டு வரச் சொல்லு."

திங்கட்கிழமை பத்ரியின் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டாள். 'மேற்சொன்னவை யாவும் உண்மை' என்ற வரியின் கீழே.

தை பிறந்ததும் பன்னிரண்டாயிரம் கார்களுக்கும் புதுப் பாடம் போய்ச் சேர்ந்தது. யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, மாசி வரைக்கும். மாசியில் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஐராவதம், மொபெட்டில் வந்த இரண்டு பேருக்கு வழிவிட்டு, உள்ளேயிருந்த ஒரு கல்லூரித் தாளாளரோடு வயலில் இறங்கியது. தாளாளருக்குக் கை முறிந்தது, சேற்றில் செருப்பும் போனது. அடுத்த பத்து நாளில் ஹைதராபாத்தில் ஒன்று, கொச்சியில் ஒன்று. எல்லாமே ஸ்டீயரிங்கைத் துணி பிழிவதைப்போல முறுக்கித்தான் திரும்பின. வெளியே ஒருவருக்கும் கீறலில்லை.

கார் வாங்கியவர்கள் கம்பெனியை நெருக்கினார்கள். கம்பெனியால் வாயைத் திறக்க முடியவில்லை. அடுத்தவனைக் காப்பாற்றும் கார் என்று விளம்பரம் போட்டது அவர்கள். அது காப்பாற்றுகிறது என்று புகார் செய்ய வந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ரெஜினா மட்டும் அந்த நாட்களில் தெய்வானைக்கு அடிக்கடி போன் செய்து சிரித்தாள். பத்ரி வேறு வேலைக்குப் போய்விட்டார். கடைசியில் சட்ட அறிஞர்களெல்லாம் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு உரிமையாளரிடமும் கார் நேரிடையாகக் கேட்டுவிடும். சம்மதம் என்றால் ஓடும். இல்லையென்றால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நாட்டில் அதற்குப் பிறகு நான்காயிரம் ஐராவதம்தான் மிஞ்சியது. அடுத்தவனுக்காக மோதிக்கொள்ளும் கார் எல்லாருக்கும் பிடித்திருந்தது. அதில் தான் உட்காருவது மட்டும் பிடிக்கவில்லை.

வரதராஜுலுவின் புதுக் கார் அந்தச் சமயத்தில்தான் வந்து இறங்கியது. அதே யானைக் கறுப்பு. தொழிற்சாலை வாசலில் மேனேஜரும் ஊழியர்களும் சுற்றி நின்றார்கள். தெய்வானை முன்கதவைத் திறந்து வைத்தாள். உள்ளே திரை ஒளிர்ந்தது.

"வணக்கம். பிறர் உயிரைக் காக்க நேரும்போது தங்களுக்குக் காயம் ஏற்படலாம். இதற்குத் தாங்கள் உடன்படுகிறீர்களா?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "மொதலாளி, திருப்பி அனுப்பீரலாமுங்க. நம்ம காரு டீலர் வேற வண்டி தர்றேங்கறான். இதைவிடப் பெருசு."

வரதராஜுலு குனிந்து, குணமாகிவிட்ட வலது கையால் திரையைத் தொட்டு உடன்பட்டார். பிறகு சுற்றிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"நீங்க உள்ள உக்காருங்க அம்மிணி."

"நானுங்களா? நான் முன்னாடியில்லீங்களா உக்காரோணும்?"

"எங்கிட்டயும் லைசென்ஸ் இருக்குது. ஏழெட்டு அபராதம் கட்டுனதுதான், ஆனா செல்லும்." அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். கண்ணாடியை அவள் முகம் தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டார்.

"முன்னாடி நான் உக்காந்துக்கறேன்," என்றார். "பின்னாடி உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துருது."